தெருவிலிருந்து எண்ணினால் பதினாறு

ஓட்டலின் ஏழாம் மாடியில் பதினேழாவது அறை ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு வந்து சேர்ந்தது. திங்கள்கிழமை சாயங்காலம் வரைக்கும் அந்த இடத்தில் சுவர்தான் இருந்தது. சுவரில் ஒரு ஆணி, ஆணியில் தீயணைக்கிற சிவப்பு மணல் வாளி. செவ்வாய்க்கிழமை பார்த்தால் வாளி பத்தடி தள்ளித் தொங்குகிறது, நடுவில் ஒரு கதவு நிற்கிறது. மற்றக் கதவுகளுக்கு இருக்கிற அதே பழுப்பு வார்னிஷ், அதே பித்தளைக் கைப்பிடி, 717 என்று எண். கைப்பிடியில் பல வருடம் பல கைகள் பிடித்த தேய்மானம்கூட இருந்தது. சிமெண்ட் வாசனை இல்லை, தரையில் தூசி இல்லை. கொத்தனார் யாரும் வந்து போனதாகக் கீழே காவல் ஆளுக்கும் தெரியவில்லை.

அந்த மாடியைப் பார்த்துக்கொண்டவளை எல்லாரும் மடிப்பக்கா என்பார்கள். விரிப்பின் மூலையை மெத்தைக்கு அடியில் அவள் மடித்துச் செருகினால் ஒட்டின தபால் உறை மாதிரி இருக்கும். படுக்கிறவர்கள் அதைக் கலைக்க மனசில்லாமல் ஓரமாகப் படுத்து எழுந்து போனதுண்டு. பன்னிரண்டு வருடத்தில் அவள் விரித்த படுக்கையைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. ஓட்டல் மெலிசான கட்டடம். ஒரு மாடிக்குப் பதினாறு அறை, ஒரே வரிசை, எல்லா ஜன்னலும் தெருவைப் பார்த்து. மாடிக்கு ஒருத்தி. ஒரு அறைக்கு இருபத்தைந்து நிமிஷம், பதினாறு அறைக்கு நானூறு நிமிஷம். அதில் தண்ணீர் குடிக்க, ஒன்றுக்குப் போக, முதுகை நிமிர்த்த என்று தனியாக நிமிஷம் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டைத் துணி அலமாரிக்குள் நின்றுகொண்டே, கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டுத்தனம் பண்ணுகிறவர்களைப் போல விழுங்கிவிட்டு வருவார்கள்.

அறைகளின் பட்டியல் போட்ட தாள் ஒன்று தினமும் கொடுப்பார்கள். ஒரு அறைக்கு ஒரு கட்டம். வேலை முடிந்தால் கட்டத்தில் டிக் போட வேண்டும். அதற்கான பேனா அடித்தளத்தில், லினன் ரூம் கதவில், நூலில் கட்டித் தொங்கியது. முன்பு ஆளுக்கொரு பேனா கொடுத்துப் பார்த்தார்கள். விரிப்பில் மை பட்டது என்று பிடுங்கிக்கொண்டார்கள். சொந்தப் பேனா மாடிக்குப் போகக் கூடாது, வாசலில் பையைத் தடவிப் பார்ப்பார்கள். மூன்றரைக்கு சூப்பர்வைசர் மாடி மாடியாக வந்து தாளை வாங்கிக்கொள்வார். வேலைக்குப் பிறகு டிக் என்பது சட்டம். பேனா பாதாளத்திலும் வேலை மேலேயும் இருந்ததால், முதலில் டிக், அப்புறம் வேலை என்பது வழக்கமாகிவிட்டது. காலையில் விரிப்பு வாங்கும்போதே வரிசையில் நின்று, மேலிருந்து கீழாக, தூறல் விழுகிற மாதிரி டிக் டிக் டிக் என்று போட்டுவிட்டுத்தான் பெண்கள் லிஃப்ட் ஏறுவார்கள். பிறகு போட்ட டிக்குக்குப் பங்கம் வராமல் வேலையை முடித்துவிடுவார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு டிக்கும் பொய்யானதில்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்றைக்குத்தான் தாள் அச்சடிக்கப் புது மெஷின் வந்திருந்தது. அது ஏழாம் மாடித் தாளில் பதினேழு கட்டம் அடித்துவிட்டது. மடிப்பக்கா அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு அப்போது எழுத்து தெரியாது, எண் தெரியும், ஆனால் அன்றைக்கு எண்ணையும் பார்க்கவில்லை. கை பாட்டுக்குக் கீழே போனது, கட்டம் இருக்கிற வரைக்கும் போட்டது. ஐந்து நிமிஷம் கழித்து டிராலியைத் தள்ளிக்கொண்டு மேலே போனவள், காரிடார் கோடியில் அந்தக் கதவைப் பார்த்ததும் வேறு மாடியில் இறங்கிவிட்டோமோ என்று லிஃப்ட் வரைக்கும் போய் எண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். பழக்கப்படி மூன்று முறை தட்டினாள். பதில் இல்லை. அவளிடம் இருந்த சாவியே அதைத் திறந்தது.

உள்ளே படுக்கை கசங்கிக் கிடந்தது. யாரும் தங்காத அறையில் யார் படுத்தார்கள் என்று யோசிக்க நேரமில்லை. உதறி, விரித்து, மூலை செருகி, கதவருகே வந்து திரும்பினால், படுக்கை பழையபடி கசங்கியிருந்தது. மறுபடியும் விரித்தாள். மறுபடியும் கசங்கியது. நாலாவது தடவை படுக்கையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நடந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாத்தின கதவில் காதை வைத்துக் கேட்டபோது உள்ளே விரிப்பு காகிதம் கசக்குகிற சத்தத்தோடு மெல்ல மடங்கிக்கொண்டிருந்தது. துடைத்த கண்ணாடியும் அப்படித்தான், கழுவின தொட்டியும் அப்படித்தான். வேலை முடிந்தது என்று சொல்லிப் பிறந்த அறை அது. அதனால் எந்த வேலையையும் அது ஏற்றுக்கொள்ளவில்லை.

அவள் சூப்பர்வைசரிடம் சொல்லாமல் இல்லை. அவர் தாளைப் பார்த்தார், காரிடாரைப் பார்த்தார். தாளில் பதினேழு இருக்கிறது, மாடியில் பதினேழு இருக்கிறது, உனக்கு என்ன குறைச்சல் என்று கேட்டார். பராமரிப்பு என்ஜினியர் நாடா கொண்டுவந்து அளந்தார். தெருவில் அளந்ததற்கும் காரிடாரில் அளந்ததற்கும் பத்தடி வித்தியாசம் வந்தது. இரண்டு அளவையும் அறிக்கையில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். மேனேஜர் அந்தப் பதவிக்கு மூன்றாவதாக வந்த இளவயதுக்காரர். அறை எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை, நிரம்புகிறதா என்றுதான் கேட்டார். அன்று சாயங்காலமே நிரம்பியது. மருந்துக் கம்பெனி விற்பனைக்காரர் ஒருவர் தங்கினார். படுக்கை கசங்கியிருந்ததாக மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மடிப்பக்காவின் பேரில் வந்த முதல் புகார் அது.

மடிப்பக்காவின் நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை, அதே ஓட்டலில் அடித்தளத்து சலவைப் பகுதியில் இஸ்திரி மெஷினில் நின்றாள். கல்யாணம் வேண்டாம், யூனியன் போதும் என்று இருந்துவிட்டவள். யூனியனுக்குச் செயலாளர். பதினாறு அறையைப் பதினாலாகக் குறைக்க வேண்டும், மீதிக்கு ஆள் எடுக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக மேனேஜரோடு மல்லுக்கு நின்று, ஒருவழியாகப் பேச்சுவார்த்தை வரைக்கும் இழுத்து வந்திருந்தாள். பேச்சுவார்த்தைக்குப் போன முதல் நாளே மேனேஜர் ஒரு கத்தைத் தாளை மேசையில் வைத்தாராம். உங்கள் வீட்டு அண்ணியே ஒரு மாதமாகத் தினம் பதினேழு முடிக்கிறார், அவர் கையால் போட்ட டிக் இது, பதினாறே முடியாது என்கிற நீங்கள் பொய் சொல்கிறீர்களா அவர் பொய் சொல்கிறாரா என்று கேட்டாராம். நாத்தனார் வாயடைத்துப்போய் வந்தாள். அவள் வாயை அடைக்க இதுவரைக்கும் ஆள் பிறக்கவில்லை என்றுதான் ஓட்டலில் பேச்சு.

எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள், இரண்டு அறை, ஒரு அடுப்படி. அன்றைக்கு நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

"ஏன் அண்ணி, பதினாறு போதலையா உங்களுக்கு? சொல்லியிருந்தா எங்க சலவைக் கூடையையும் மேல அனுப்பியிருப்பேனே."

மடிப்பக்கா சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். சொல்லிவிடலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால், செய்யாத வேலைக்கு டிக் போட்டது தெரியும். எப்படிப் போட்டாய் என்பார்கள். காலையிலேயே போடுவது தெரியும். நீ மட்டுமா என்பார்கள். அப்புறம் எட்டு மாடிப் பெண்களும் வரிசையாக மாட்டுவார்கள். அத்தனை பேர் சோற்றிலும் மண் விழும், அள்ளிப்போட்டவள் என்று தன் பேர் நிற்கும். அறை இருந்தது, செய்தேன் என்று மட்டும் சொன்னாள். புருஷன் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவன். தங்கை ஒரு பக்கம் முறைக்க, பெண்டாட்டி மறு பக்கம் முதுகைக் காட்ட, நடுவில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சோறு போடு என்பதைக்கூடக் கையை ஆட்டித்தான் கேட்டான்.

அடுத்த மாதம் எல்லா மாடித் தாளிலும் பதினேழு கட்டம் அச்சாகி வந்தது. பெண்கள் திட்டிக்கொண்டே டிக் போட்டார்கள். திட்டிக்கொண்டு மேலே போனால், இரண்டாம் மாடியிலிருந்து ஒன்பதாம் மாடி வரைக்கும் எட்டு மாடியில் ஏழாவதைத் தவிர மற்ற ஏழிலும் ஒவ்வொரு அறை வந்து நின்றது. மேனேஜர் அதை மெஷினின் மகிமை என்று நினைத்தார். பெண்களோ ராத்திரியோடு ராத்திரியாக மேலிடம் ஆள் வைத்துக் கட்டுகிறது என்று நினைத்தார்கள். லிஃப்டில் மடிப்பக்காவின் போட்டோ வந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு, சிறந்த ஊழியர் என்று எழுதி. நாத்தனார் அதற்குப் பிறகு யூனியன் சந்தா வாங்க எந்த மாடிக்குப் போனாலும் படியேறியே போக ஆரம்பித்தாள். கேட்டவர்களிடம், வீட்டில் பார்க்கிற மூஞ்சியை டிக்கெட் இல்லாமல் இன்னொரு தடவை பார்க்க வேண்டுமா என்றாள்.

அந்த வருஷம் யூனியன் ஆபீஸில் சாயங்காலம் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். பேசாத நாத்தனாரே மடிப்பக்காவின் பேரையும் பட்டியலில் எழுதி வைத்திருந்தாள். கோபம் வேறு, படிப்பு வேறு என்பது அவள் கணக்கு. ஏழு மாதத்தில் மடிப்பக்காவுக்கு எழுத்து கூட்ட வந்தது. கடைப் பலகை, மருந்துச் சீட்டு, சோப்பு உறை என்று எல்லாவற்றையும் வாயசைத்துப் படித்தாள். அப்படி ஒரு காலையில் லினன் ரூம் வரிசையில் நின்றபோது, தாளின் அடியில் பன்னிரண்டு வருடமாக எறும்பு வரிசையாகத் தெரிந்த பொடி எழுத்தைக் கூட்டிப் பார்த்தாள். மேற்கண்ட அறைகள் அனைத்தும் என்னால் முடிக்கப்பட்டன, தவறாகக் குறித்தால் முன்னறிவிப்பின்றி வேலைநீக்கத்துக்குச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. கீழே, வரைந்து பழகின தன் கையெழுத்து. அதற்கு முன்பு இருந்தது வெறும் பயம். அதற்குப் பிறகு அந்தப் பயம் எழுத்தில் வந்துவிட்டது. எழுத்து தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவள் முதலும் கடைசியுமாக நினைத்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வருஷம் தாளில் பதினெட்டாவது கட்டம் வந்தபோது அவள் ஒரு காரியம் செய்து பார்த்தாள். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு மேலே போனாள். மற்ற மாடிகளில் 218, 318 என்று கதவுகள் வந்துவிட்டன. ஏழாம் மாடியில் வரவில்லை. சுவர் சுவராக இருந்தது, வாளி வாளியாகத் தொங்கியது. மூன்றரைக்கு சூப்பர்வைசர் வந்து தாளைப் பார்த்து, மறந்துவிட்டாயா என்று தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துத் தானே அந்தக் கட்டத்தில் டிக் போட்டார். அவள் கண்ணெதிரே சுவர் பாலாடை நெளிகிற மாதிரி ஒரு தடவை நெளிந்தது. வாளி பத்தடி தள்ளிப் போனது. கதவு வந்து நின்றது. சூப்பர்வைசர் தாளை மடித்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. அறைகள் டிக்கில் பிறக்கின்றன என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் தெரியவில்லை.

நாலாவது வருஷம் மாடிக்குப் பத்தொன்பது அறை ஆனது. காரிடார் கோடியில் நிற்பவளுக்கு லிஃப்ட் மணி கேட்காது. டிராலிச் சக்கரங்கள் தேய்ந்து பெண்களின் முழங்கால்களோடு சேர்ந்து கிறீச்சிட்டன. புதிதாக வந்த மூன்று அறையும் ஒழுங்கான பதினாறு அறையின் நேரத்தைத் தின்றன. எத்தனை தடவை விரித்தாலும் கசங்கின. நாலரை, ஐந்து என்று வேலை போனது. துணி அலமாரிக்குள் நின்று சாப்பிட்டதும் போய், டிராலியைத் தள்ளிக்கொண்டே சாப்பிட்டார்கள். மடிப்பக்காவுக்கு வீட்டில் தன் பாயை விரித்துவிட்டுத் திரும்பினால்கூட முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்பது போல் இருக்கும், மறுபடி திரும்பிப் பார்ப்பாள். புருஷன் அவள் பார்ப்பதைப் பார்ப்பான். டாக்டரிடம் போகலாமா என்று ஒரு தடவை கேட்டான். டாக்டர் வந்து விரித்துத் தருவாரா என்று கேட்டாள் இவள்.

ஒன்பதாம் மாடியில் கண்ணாடிக்காரம்மா என்று ஒருத்தி இருந்தாள். தடித்த கண்ணாடி போட்டவள், எல்லாருக்கும் மூத்தவள், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு 919இன் குளியலறையில், ஆறாவது தடவையாகத் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். டிராலியில் இருந்த அவளுடைய தாளை எடுத்துப் பார்த்தார்கள். 919இல் டிக் இருந்தது. முடிந்த அறையில் இந்தம்மாவுக்கு என்ன வேலை, உள்ளே போனது இவருடைய சொந்தக் காரியம், நிர்வாகத்துக்குப் பொறுப்பில்லை என்று மேனேஜர் எழுதினார். அதோடு நிற்கவில்லை. பன்னிரண்டு மணிக்கே பத்தொன்பது கட்டமும் நிரம்பியிருப்பதால், அரை நாளில் முடிகிற வேலைதான் இது, இருபத்தொன்று தாராளமாகத் தாங்கும் என்றும் எழுதினார். இல்லையென்றால் எட்டுப் பேரையும் அனுப்பிவிட்டு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிடுவதாகக் கடைசி வரி.

அன்று சாயங்காலம் யூனியன் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தது. ஒரு வாரத்தில் தொழிலாளர் அதிகாரி முன்னிலையில் பேச்சு என்று நாள் குறித்தார்கள். அந்த ஒரு வாரமும் மடிப்பக்கா சோற்றைப் பிசைந்தாளே தவிரச் சாப்பிடவில்லை. கண்ணாடிக்காரம்மாவைப் பார்க்கப் போனாள். அந்தம்மா கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, வலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், நான் முடிக்கத்தான் போனேன் என்று உனக்குத் தெரியுமில்லையா என்று மட்டும் மூன்று தடவை கேட்டாள். தெரியும் என்று மூன்று தடவையும் சொன்னாள் இவள். வீட்டுக்கு வந்து நாத்தனாரின் அறை வாசலில் நின்றாள். நாத்தனார் மறுநாளைக்குப் பேசுவதை எழுதிக்கொண்டிருந்தாள், எழுதுவதும் அடிப்பதுமாகப் பாதித் தாள் கறுப்பாக இருந்தது.

"என்ன அண்ணி?"

"தண்ணி வேணுமா?"

"எனக்கு நாளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை வேணும். தண்ணி வேணாம்."

இவள் போய்ப் படுத்தாள்.

பேச்சுவார்த்தை கீழ்த்தளத்துக் கூட்ட அறையில் நடந்தது. மேசையின் ஒரு பக்கம் நாத்தனாரும் யூனியன்காரர்கள் இரண்டு பேரும். மறு பக்கம் மேனேஜர், அவருக்குப் பக்கத்தில், சிறந்த ஊழியர் என்று அழைத்து உட்காரவைக்கப்பட்ட மடிப்பக்கா. மெத்தை வைத்த நாற்காலியில் அந்த ஓட்டலில் அவள் முதல் தடவையாக உட்கார்ந்தாள். உட்கார்ந்ததில் முதுகு வலித்தது. நடுவில் தொழிலாளர் அதிகாரி. காதோரம் நரைத்த மனிதர், எதையும் இரண்டு தடவை படிப்பவர். நாலு வருடத்துத் தாள்களைக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மேனேஜர் கட்டைத் தட்டிக்காட்டினார். முடியாது என்கிறார்கள், முடித்ததாக எட்டுப் பேரும் தினமும் தங்கள் கையால் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், என்னிடம் வேறென்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். நாத்தனார் கண்ணாடிக்காரம்மாவின் கையைப் பற்றிப் பேசினாள், முழங்கால்களைப் பற்றிப் பேசினாள். அதிகாரி குறித்துக்கொண்டார். ஆனால் அவர் கண் அந்தக் கட்டின் மேலேயே இருந்தது. நாத்தனாருக்கும் அது தெரிந்தது. பேச்சு நடுவில் அவள் நிறுத்தினாள். எழுதிவைத்த தாளை மடித்தாள். பத்தொன்பதிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் அவள் வாய் திறந்தாள் என்பதை, இருபது வருஷமாக அந்த வாயைப் பார்க்கிற அண்ணிக்குத் தெரியாமல் இல்லை.

மடிப்பக்கா எழுந்தாள். மெத்தை நாற்காலி உஸ்ஸென்று மூச்சு விட்டது.

"அந்தக் கட்டுல அடியில ஒரு செவ்வாக்கிழமை தாள் இருக்கும் பாருங்க. அதுல பதினேழாவது டிக் பொய். நான் போட்டப்ப அங்க ரூமே கிடையாது, சுவருதான் இருந்துச்சு. டிக் போட்டப்புறம்தான் ரூம் வந்துச்சு. எல்லா ரூமும் அப்படித்தான் வந்துச்சு. நாங்க காலையிலயே போட்டுருவோம், பேனா கீழ இருக்கு."

மேனேஜர்தான் முதலில் சுதாரித்தார். பொய்க் குறிப்பு என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார், அடியில் போட்டிருக்கிற நிபந்தனைப்படி இவருக்கு இன்றோடு வேலையில்லை, விசாரித்து மற்றவர்களுக்கும் அப்படியே என்றார். மடிப்பக்கா உட்காரவில்லை. இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மேசையில் வைத்தாள். நாத்தனார் அவளைப் பார்க்கவில்லை. நாலு வருஷம் நடந்த பேச்செல்லாம் தலைக்குள் ஓட, மேசையில் கிடந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, மேனேஜர் இப்போது சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். எழுதி முடித்தாரா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"சார், எங்க அண்ணி போட்ட டிக் பொய்னா, ரூம் இல்லைன்னு அர்த்தம். இல்லாத ரூமை இவர் நாலு வருஷமா ஆளுங்களுக்குக் கொடுத்திருக்கார். லைசென்ஸ்ல எத்தனை ரூம்னு கேளுங்க. ரூம் இருக்குன்னா டிக் நிஜம், அண்ணிய அனுப்ப முடியாது. ரெண்டுல எதுன்னு இவரே சொல்லட்டும், நாங்க ஒத்துக்கறோம்."

மேனேஜர் தண்ணீர் குடித்தார். அறைகள் இருக்கின்றன என்று ஆரம்பித்தார், லைசென்ஸ் என்ற வார்த்தை ஞாபகம் வந்து நிறுத்தினார். இல்லை என்று ஆரம்பித்தார், மேலே அந்த நேரத்தில் இருபத்துமூன்று பேர் அந்த இல்லாத அறைகளில் தங்கியிருந்ததால் அதையும் நிறுத்தினார். அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். எதிர்ப் பக்கத்து நடைபாதையில் நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, ஏழாம் மாடி ஜன்னல்களை எண்ணினார். பதினாறு. மறுபடியும் எண்ணினார். பதினாறு. லிஃப்டில் மேலே போய்க் கதவுகளை எண்ணினார். பத்தொன்பது. கடைசிக் கதவைத் தட்டி, அங்கே தங்கியிருந்தவரிடம் அனுமதி கேட்டு உள்ளே போய் ஜன்னலைத் திறந்து பார்த்தார். தெரு தெரிந்தது, தான் நின்ற நடைபாதை தெரிந்தது. நடைபாதையில் தன்னுடைய குடையை வைத்துவிட்டு வந்ததும் தெரிந்தது. கீழே போய்க் குடையை எடுத்துக்கொண்டு, வந்து உட்கார்ந்து, இரண்டு எண்ணையும் எழுதினார். இதற்கு முன்பு என்ஜினியர் செய்ததைத்தான் அவரும் செய்தார், ஆனால் கூட ஒரு வரி எழுதினார். தெருவிலிருந்து தெரியாத அறைகளை எவருடைய வேலைக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது என்று.

ஒப்பந்தம் ஒன்பது நாள் கழித்துக் கையெழுத்தானது. ஆளுக்குப் பதினாலு அறை. மீதிக்கு இரண்டு புது ஆள். அந்தத் தேதி வரைக்கும் போட்ட டிக்குகளுக்கு யார் பேரிலும் நடவடிக்கை இல்லை. கண்ணாடிக்காரம்மா விழுந்தது வேலையில் விழுந்ததுதான். இனிமேல் ஆளுக்கொரு பேனா, மாடிக்கு எடுத்துப் போகலாம். தெருவிலிருந்து தெரியாத இருபத்துநாலு அறைகளையும் விருந்தினருக்குக் கொடுப்பதில்லை. லிஃப்டிலிருந்து போட்டோவைக் கழற்றினார்கள், ஆணி மட்டும் நின்றது. சாவிக்கொத்தை சூப்பர்வைசர் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடிக்காரம்மா திரும்பி வரவில்லை. எலும்பு கூடியது, ஆனால் பிழியும்போது கை நடுங்கியது. பேனாவைக் காட்டலாம் என்று எடுத்துப் போனார்கள், அந்தம்மா அதை இடது கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லா எழுதுதா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

கையெழுத்தான அன்று ராத்திரி வீட்டில் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். யாரும் கொண்டாடவில்லை. நாத்தனார் கை கழுவப் போகும்போது, அண்ணியின் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

"நாலு வருஷம் அண்ணி. ஒரு அடுப்படி."

அவ்வளவுதான் சொன்னாள். குழாயில் தட்டு கழுவுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. புருஷன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பாடா என்று யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டான்.

அந்த அறைகள் எங்கேயும் போகவில்லை. பூட்டி வைக்கச் சொன்னார்கள், ஆனால் சாவி பெண்களிடம்தான் இருந்தது. யார் முதலில் போனது என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஐந்தாம் மாடிக்காரி என்பார்கள், அவள் இல்லை என்பாள். மத்தியானம் ஒரு மணிக்கு மாடிக்கு ஒரு அறையில் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்தார்கள். எழுந்து போகும்போது படுக்கை கசங்கியிருக்கும், ஆனால் அது படுத்ததால் கசங்கியதா தானாகக் கசங்கியதா என்று எந்த சூப்பர்வைசராலும் சொல்ல முடியாது. யாரும் அதை விரிப்பதில்லை. விரிக்கச் சொல்லி அந்த அறைகளும் கேட்பதில்லை, யாராவது படுத்த பிறகு அவை சத்தம் போடாமல் கிடந்தன. 919ஐ மட்டும் யாரும் திறப்பதில்லை.

ஒரு புதன்கிழமை நாத்தனார் அடித்தளத்திலிருந்து ஏழாம் மாடிக்கு வந்தாள், லிஃப்டில். கையில் தூக்குச் சட்டி இருந்தது. 717இன் கதவை மூன்று முறை தட்டினாள். உள்ளே இருந்து அண்ணி, திறந்துதான் இருக்கு என்றாள். சாப்பிட்டுவிட்டு நாத்தனார் கசங்கின படுக்கையில் படுத்தாள், இரண்டே நிமிஷத்தில் குறட்டை விட்டாள். மடிப்பக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தாளை மடியில் வைத்து, முடித்த ஒன்பது அறைக்கு ஒவ்வொன்றாக டிக் போட்டாள். மெஷின் இன்னும் பத்தொன்பது கட்டம்தான் அடிக்கிறது, திருத்த ஆள் வரவில்லை. தன் பேனாவைத் திறக்கும்போதெல்லாம் காரிடார் கோடியில் சுவர் லேசாக நெளிவதை அவள் இன்னமும் கேட்கிறாள். மீதி ஐந்து அறைக்கு இன்னும் வேலை இருந்தது. அவற்றின் கட்டங்களையும் அதற்குக் கீழே இருந்தவற்றையும் காலியாக விட்டு, பேனாவை மூடி, இரண்டு மணி வரைக்கும் அவளும் ஓரமாகப் படுத்தாள்.